காய்த்த கொடியில்தான் கத்தி விழும்

தியானப் பகுதி: யோவான் 15:1-8

 

இயேசு தம்மைத் திராட்சச்செடி என்றார். பிதாவைத் தோட்டக்காரர் என்றார். நம்மைக் கொடிகள் என்றார். இந்தப் பகுதியை நாம் எத்தனை தரம் வாசித்திருப்போம்! ஞாயிறு பள்ளியிலே மனப்பாடமாய் ஒப்பித்துப் பென்சில் டப்பா பரிசு வாங்கினவர்கள் நம்மிலே எத்தனை பேர்! ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். திராட்சச்செடியைக் கண்ணாலே பார்த்தவர்கள் நம் சபையில் எத்தனை பேர்?

நாமெல்லாம் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கார் நெல் தெரியும், பிசான நெல் தெரியும். ஏத்தன் வாழைக்கு எப்போது முட்டுக் கொடுக்க வேண்டும் என்று சின்னப் பையன்கூடச் சொல்லுவான். பனைமரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திராட்சையோ தள்ளுவண்டியிலே குலையாய்ப் பார்த்ததோடு சரி. ரேனியஸ் ஐயர் 1820ஆம் வருஷம் பாளையங்கோட்டைக்கு வந்ததிலிருந்து கணக்குப் போட்டாலும், இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்தச் சீமையிலே திராட்சச்செடி என்று வாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம். ஒரு தடவை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை இதைப் படமாக வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை நல்ல கத்தரிச்செடி ஒன்றை வரைந்து, கத்தரிக்காய் தொங்குகிற இடத்திலே திராட்சைக் குலையைத் தொங்கவிட்டிருந்தது! அந்தப் பிள்ளைமேலே தப்பு இல்லை. பெரியவர்கள் மனசிலே இருக்கிற படமும் ஏறக்குறைய அதுதான்.

இந்த மாதம் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்முடைய சபையிலே ஒரு பேச்சு நடமாடுகிறது. அது என் காதுக்கும் வந்தது.

2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளிலே வந்த வெள்ளத்தை ஒருவரும் மறந்திருக்கமாட்டோம். காயல்பட்டினத்திலே ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஜனங்களோடு அப்படியே நின்றுவிட்டது. நம்ம ஆறு கரையை மறந்து ஊருக்குள் வந்தது. அந்த வெள்ளத்திலே நம் சபையின் ஒரு குடும்பம் ஆற்றோரம் குத்தகைக்குப் போட்டிருந்த ஏத்தன் வாழை முழுவதும் போயிற்று. குலை தள்ளி நின்ற வாழை. கடன் வாங்கிப் போட்டது. வீட்டின் பின்சுவரும் விழுந்தது. கடன் பாதிகூட அடையாமல் இருக்கும்போதே, போன வருஷம் அவர்கள் மூத்த மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். காலேஜ் படிப்பு பாதியிலே நிற்கிறது.

அந்தச் சகோதரி யார் என்று பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பதினாலு வருஷமாக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவர்கள். பீடி சுற்றுகிற காசிலே காணிக்கை போடுகிறவர்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றி என்ன பேச்சு தெரியுமா? “எங்கேயோ மறைவான பாவம் இருக்கு. இல்லேன்னா கர்த்தர் இப்படி அடிப்பாரா?” “தசமபாகத்திலே என்னமோ குறை வச்சிருப்பாங்க.” ஜெபம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்திலே இந்தப் பேச்சு நடக்கிறது, பிரியமானவர்களே! ஆவியில் நிறைந்து பாடின வாயின் ஈரம் காய்வதற்குள்ளே நடக்கிறது!

இந்தப் பேச்சு என் மனசிலே பாரமாய்க் கிடந்த நாட்களில்தான், போன மாதம், நாங்கள் ஆறு பேர் கம்பத்துக்குப் புறப்பட்டோம். ஆறு பேரும் வேதாகமக் கல்லூரியிலே ஒன்றாக டிப்ளமோ படித்தவர்கள். இரண்டு பேர் ஊழியத்தில் இருக்கிறோம். ஒருவர் தூத்துக்குடி துறைமுகத்திலே வேலை, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் பலசரக்குக் கடை. ஆறாவது சகோதரர் வாடகை வேன் ஓட்டுகிறார். அவருடைய டெம்போ டிராவலரிலே பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பாய், தலையணை, தண்ணீர் கேன், அடுப்பு, அரிசி, கருவாடு எல்லாம் ஏற்றினோம். வெளிநாட்டிலே கட்டிலும் சமையற்கட்டும் உள்ள வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றி ஊர் ஊராய்ப் போவார்களாம். நம்ம நாட்டிலே அப்படி ஒன்று சினிமா நடிகர்களுக்குக் கேரவன் என்று நிற்கிறது. “நம்மளது ஏழைங்க கேரவன், பிரதர்” என்றார் துறைமுகத்துக்காரர். கர்த்தருடைய பந்திக்கு வேண்டிய பழரசத்துக்கு நல்ல பன்னீர் திராட்சை தோட்டத்திலேயே வாங்கிவர வேண்டும் என்பது பயணத்தின் காரணம். சிலர் கடையிலே விற்கிற ஸ்குவாஷிலே தண்ணீர் கலந்து பந்திக்கு வைக்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் மனசு அதற்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

விடியற்காலம் நாலு மணிக்குப் பாளையங்கோட்டையிலே ஜெபித்துப் புறப்பட்டோம். கோவில்பட்டியிலே டீயும் கடலைமிட்டாயும். சாத்தூர், விருதுநகர் தாண்டித் திருமங்கலத்திலே மேற்கே திரும்பி, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் தேனிச் சீமை. கணவாய் தாண்டினதும் வேறே காற்று! வழியிலே புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிச் சோறு பொங்கிச் சாப்பிட்டோம். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பத்துக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வழிநெடுகப் பாட்டும் சாட்சியும்தான். பரோட்டாவா இட்லியா என்று விருதுநகரிலே நடந்த தர்க்கத்தை எழுதினால் பத்திரிகையிலே இடம் போதாது.

கம்பம் பள்ளத்தாக்கு ஏன் பச்சையாய் இருக்கிறது தெரியுமா? மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுக் என்கிற இங்கிலீஷ் இன்ஜினியர் கட்டின முல்லைப் பெரியாறு அணை 1895இல் வேலைக்கு வந்தது. லோயர் கேம்ப்பிலே அவருக்கு அரசாங்கம் மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அந்தச் சீமையிலே பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். மலையைத் துளைத்து வந்த தண்ணீரைத்தான் திராட்சை குடிக்கிறது.

இந்தத் திராட்சைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் இங்கிலீஷ் பெயர். நமக்குப் பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சு குருவானவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல கறுப்பு, உள்ளே விதை, வாயில் போட்டால் பன்னீர் வாசனை. விதை இருக்கிறது என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் விதையில்லாததை வாங்கிக்கொள்ளட்டும்!

சுருளிப்பட்டி போகிற வழியிலே ஒரு தோட்டத்துக்குள் போனோம். முதல் அதிசயம், அது செடியே அல்ல! கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அடிமரம் நம்ம கையின் கனம்தான். அது நேரே மேலே போய்ப் பந்தலிலே நாலு பக்கமும் கை விரிக்கிறது. வாத்தியார் சகோதரர் நல்ல உயரம். குனிந்தே நடந்தார். இல்லாவிட்டால் குலை முகத்திலே இடிக்கிறது.

இரண்டாவது அதிசயம்தான் என்னை நிறுத்திவிட்டது. மற்ற இடங்களிலே திராட்சைக்கு ஒரு காலம் உண்டு. கம்பத்திலே வருஷம் முழுவதும் பழம். காரணம், ஒருவர் தோட்டத்திலே இந்த மாதம் வெட்டினால், பக்கத்துத் தோட்டத்திலே அடுத்த மாதம் வெட்டுகிறார்கள். ஆகவே ஒரே நாளிலே, ஒரே பாதையிலே, இந்தப் பக்கம் குலை குலையாய்க் கறுத்துத் தொங்குகிறது. அதற்கு அடுத்தது இப்போதுதான் பூத்திருக்கிறது. அதற்கும் அடுத்த பந்தலைப் பார்த்தால் ஐயோ, ஒரு இலை இல்லை! வெறும் குச்சி. கம்பிகளுக்கு ஊடே வெயில் நேரே தரைக்கு இறங்குகிறது. தரை முழுவதும் வெட்டிப் போட்ட கொடி. பார்த்தால் செத்துப்போன தோட்டம்.

பலசரக்குக்காரர் சொன்னார், “இந்தத் தோட்டக்காரர் பாவம், நோய் விழுந்து எல்லாம் போச்சு போல.” அங்கே நின்ற விவசாயி சிரித்தார். அறுபது வயசு இருக்கும், தலையிலே துண்டு. “நோயெல்லாம் இல்லைங்க சார். நேத்துத்தான் கவாத்துப் பண்ணுனோம்” என்றார்.

கவாத்து! எனக்கு அந்த வார்த்தை இனித்தது. அவர் சும்மாவே பேசப் பிரியப்படுகிற மனுஷர். நாங்கள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனார்.

“எதைய்யா வெட்டுறீங்க? காய்க்காததையா?”

“காய்க்காததை வெட்டி என்னங்க சார் ஆவப்போவுது? போன வெள்ளாமையில எது நல்லாக் காய்ச்சுச்சோ, அதுலதான் கத்தியே போவும். நல்லா முத்தி, பழுப்பு நிறத்துல, பென்சில் கனத்துக்கு இருக்கு பாருங்க, அதுல நாலு கண்ணு விட்டு வெட்டணும். எளங்கொடின்னா ஒரு கண்ணு, ரெண்டு கண்ணுல நிறுத்திருவோம். அது இப்பக் காய்க்காது, வளரட்டும்னு.”

“வெட்டாம விட்டா?”

“எலையா மண்டிரும். பந்தலே தெரியாது. பார்க்க ரொம்ப அழகா இருக்கும். பழம் இருக்காது.”

அல்லேலூயா! பிரியமானவர்களே, இந்த இடத்திலே நில்லுங்கள். பார்க்க ரொம்ப அழகாய் இருக்கும், பழம் இருக்காது! அந்த மனுஷர் வேதம் வாசித்தவர் அல்ல. ஆனால் இரண்டாம் வசனத்தின் பின்பாதியை எனக்கு அவர் விளங்கவைத்தார்.

அந்த வசனத்தைத் திறந்துவைத்துப் பாருங்கள். அதிலே இரண்டு பாதி இருக்கிறது. கனி கொடாத கொடிக்கு என்ன நடக்கும் என்பது முதல் பாதி. கனி கொடுக்கிற கொடி இன்னும் அதிகமாய்க் கொடுக்கும்படி பிதா அதைச் சுத்தம்பண்ணுகிறார் என்பது பின்பாதி. சுத்தம்பண்ணுவது என்றதும் நம் மனசிலே என்ன வருகிறது? ஈரத்துணியை வைத்துத் துடைப்பதுபோல, தூசி தட்டுவதுபோல. கம்பத்துத் தோட்டக்காரனுக்குக் கொடியைச் சுத்தம்பண்ணுவது என்றால் கத்திதான். இரண்டு பாதியிலும் கத்தி இருக்கிறது! அப்படியானால் கத்தி விழுந்த இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, இது முதல் பாதியா பின்பாதியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அன்றைக்கு ஆறு பேர் அந்தப் பந்தலைப் பார்த்தோம். நோய் என்று நினைத்தோம். அந்தத் தோட்டத்திலேயே நல்ல விளைச்சல் எடுத்த பந்தல் அதுதானாம்.

இன்னும் கேளுங்கள். வெட்டின நுனியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் வடிகிறது. “ரெண்டு மூணு நாளைக்குக் கொடி அழுவும் சார்” என்றார். அழட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறாரா? இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அடிக்கிறார். தண்ணீர் கட்டுகிறார், உரம் வைக்கிறார். கண் முளைத்துத் தளிர் வந்ததும் ஒவ்வொன்றாய்ப் பந்தலோடு சேர்த்துக் கட்டுகிறார். வேண்டாத பக்கத் தளிரைக் கிள்ளுகிறார். பிஞ்சு பட்டாணி அளவு வரும்போது குலைக்குள்ளே நெருக்கமாய் இருக்கிறதைக் கொஞ்சம் களைகிறார், மற்றது பெருக்க வேண்டுமே. வெட்டின நாளிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்திலே பழம். அந்த நாலு மாதமும் அவர் வெட்டுப்பட்ட பந்தலைவிட்டு அகலுகிறதில்லை. தோட்டக்காரன் கொடிக்கு மிகவும் அருகே நிற்கிற நாள், அதை வெட்டுகிற நாள். கை எட்டாமல் எப்படி வெட்டுவது?

நாலு கண் என்றாரே, அதை நான் மறக்கமாட்டேன். குருட்டடியாய் வெட்டுகிறது கிடையாது. எண்ணி வெட்டுகிறார். அடுத்த பழம் எந்தக் கண்ணிலே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்து, அதற்கு அப்பாலே கத்தியை வைக்கிறார்.

நமக்கு இது தெரியாத காரியமா என்ன? பனைக்கு வாருங்கள். தேரிக்காட்டிலே பனையேறுகிற அண்ணாச்சிமாரை எத்தனை நாள் பார்த்திருக்கிறோம். இடுப்பிலே அரிவாள்பெட்டி. உச்சியிலே போய்ப் பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பக்குவப்படுத்துகிறார்கள். காலையிலும் சாயங்காலமும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாய்ச் சீவுகிறார்கள். சீவச் சீவத்தான் பதநீர். பாளையின்மேல் இரக்கப்பட்டு ஒரு வாரம் சீவாமல் விட்டால் கலயம் காய்ந்து கிடக்கும். பாளை இல்லாத பனையில் எவனாவது அரிவாளோடு ஏறுவானா? சொல்லுங்கள் பார்ப்போம். நம்ம பாட்டன் பூட்டன் கைத்தழும்பே இந்த வசனத்துக்கு வியாக்கியானமாய் இருக்க, நாம் அதை விட்டுவிட்டு, அடிபட்டவர்களைப் பார்த்துப் பாவம் தேடுகிறோம்.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். வேனிலேயே வந்தது. அன்று இரவு தேனியிலே தெரிந்த ஒரு சபையின் காம்பவுண்டில் வண்டியை நிறுத்திப் படுத்திருந்தோம். துறைமுகத்துச் சகோதரர் தூங்கவில்லை. அவருக்கும் அந்தக் குடும்பத்தைத் தெரியும். “பிரதர், ஒரு சந்தேகம். தோட்டக்காரர் பழத்தைப் பறிச்ச பிறகுல்லா வெட்டுதாரு? அவங்க வாழை குலை தள்ளி நின்னுச்சே. அறுக்கதுக்கு முன்னாலயே போச்சே. இது என்ன கவாத்து?” என்றார்.

நல்ல கேள்வி. இதற்கு மழுப்பலான பதில் சொல்லுகிற பிரசங்கி தேவனுக்கு வக்கீல் வேலை பார்க்கிறார். அது தேவனுக்குத் தேவையில்லை. நான் வெள்ளத்தைக் கவாத்து என்று சொல்லவில்லை. வெள்ளத்திலே போனவர்கள், வீடு இழந்தவர்கள் எத்தனையோ பேர், எல்லா மதத்துக்காரரும். இயேசுவிடமும் இப்படி ஒரு கேள்வி வந்தது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அவர்கள் எருசலேமிலே மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னார். கோபுரம் ஏன் விழுந்தது என்று காரணம் சொன்னாரா? சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். யோவான் 9ஆம் அதிகாரத்திலே பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். நம்முடைய செருப்பு மாட்டுகிற இடத்துக் கேள்விதான்! இருவரும் அல்ல என்றார். அவர்களுக்குக் கேள்வி இருந்தது. இயேசுவுக்குக் கையிலே வேலை இருந்தது. உமிழ்நீரால் சேறு உண்டாக்கிக் கண்ணிலே பூசினார்.

“அப்படியென்றால் பாவத்துக்குச் சிட்சையே கிடையாதா பாஸ்டர்?” என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. முதல் பாதியை நான் வேதத்திலிருந்து கிழித்துப் போடவில்லை. ஆனால் கத்தி யார் கையிலே இருக்கிறது? பிதாவின் கையிலே. ஒரு கொடி இன்னொரு கொடியைக் கவாத்துப் பண்ணினதை நான் கம்பத்திலே எந்தத் தோட்டத்திலும் பார்க்கவில்லை!

மறுநாள் காலை பழம் வாங்க மறுபடியும் அதே தோட்டத்துக்குப் போனோம். நான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். “ஐயா, வெட்டின குச்சியும் செத்த குச்சியும் ஒரே மாதிரிதானே இருக்கு? எதுக்கு உயிர் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” அவர் ஒரு கொடியைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தாலே மேல்தோலை லேசாய்ச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. “பச்சை இருந்தா உசுரு இருக்குங்க சார். பயப்படாம தண்ணி கட்டலாம்.”

நம்முடைய சகோதரியைப் பாருங்கள். வாழை போன வாரத்திலே வெள்ளிக்கிழமை ஜெபம் நடந்ததா இல்லையா? நடந்தது. வீட்டுக்குள் சகதி கிடந்ததால் தெருவிலே பாய் விரித்து நடத்தினார்கள். மகனுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவிலே பக்கத்துக் கட்டில்காரப் பெண்ணுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், என் கண்ணாலே பார்த்தேன். அந்தப் பெண் நம் சபைக்காரியும் அல்ல, கிறிஸ்தவளும் அல்ல. இது பச்சையா இல்லையா? சொல்லுங்கள்!

இதோடு இன்னொரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். இதை வாசித்துவிட்டு உடனே அவர்கள் வீட்டுக்குப் போய், “அக்கா, இது கர்த்தர் பண்ற கவாத்து, சந்தோஷப்படுங்க” என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். வெட்டுப்பட்டவள் அதைத் தானாய்ச் சொன்னால் அது சாட்சி. அடுத்தவன் சொன்னால் அது புண்ணிலே விரல் விடுகிறது. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் பேசாமல் தரையிலே கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்திலே கர்த்தர் கோபித்துக்கொண்டது பாடுபட்ட யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன இவர்கள்மேல்தான்.

அதேபோல உவமையை ரப்பர் மாதிரி இழுக்கவும் கூடாது. வேன்கார சகோதரர் வெட்டிப் போட்ட குச்சியை எடுத்து, “இதை நட்டா வேர் பிடிக்குமாமே பிரதர், அப்ப அறுபட்ட கொடிக்கும் நம்பிக்கை இருக்குல்லா?” என்று புது உபதேசம் ஆரம்பித்தார். எசேக்கியேல் 15இலே திராட்சக்கொடியின் கட்டை ஒரு முளை அடிக்கக்கூட உதவாது என்கிற கருத்து வருகிறதே என்று வாத்தியார் மடக்கினார். ஆண்டிபட்டி வரைக்கும் இந்த வாக்குவாதம் ஓடியது. இயேசு அந்த இரவிலே சீஷர்களுக்குத் தோட்டக்கலை வகுப்பு எடுக்கவில்லை. எப்போது சொன்னார் என்று பாருங்கள். பந்தி முடிந்துவிட்டது. யூதாஸ் எழுந்து போய்விட்டான். இன்னும் சில மணி நேரத்திலே அவரைப் பிடிக்கப்போகிறார்கள். வெட்டு வரப்போகிறது என்று தெரிந்தே கொடிகளிடம் பேசுகிறார். முதல் வெட்டு கொடிகளுக்கு அல்ல, செடிக்கே! கல்வாரியிலே செடி வெட்டுப்பட்டது. அன்றைக்கு எருசலேமிலே தூரத்திலிருந்து பார்த்தவர்களும் இதையேதான் சொன்னார்கள், தேவன் இவனைக் கைவிட்டுவிட்டார் என்று. அவர்கள் வாயிலிருந்து வந்த அதே பேச்சு நம் வாயிலிருந்து வரலாமா, பிரியமானவர்களே?

திராட்சை 20 கிலோ வாங்கிவந்தோம். அதை நம் சபைப் பந்திக்குப் பழரசமாகக் காய்ச்சினது அந்தச் சகோதரிதான். பழத்தை உதிர்த்து, கழுவி, கொதிக்கவைத்து, துணியிலே வடிகட்டி, அளவாய்ச் சர்க்கரை சேர்த்து, பாட்டில்களிலே நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வருகிற முதல் ஞாயிறு நாம் யாவரும் அதில்தான் பங்குபெறுவோம். அதற்கு முன்னே பேச்சுப் பேசினவர்கள் யாராவது இருந்தால் போய் ஒப்புரவாகுங்கள். மைக்கிலே அறிக்கையிட வேண்டாம், அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனால் போதும்.

அடுத்ததாக ஒரு உதவி. அவர்கள் மகனைச் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். ஆட்டோவுக்கு அவர்களால் கொடுத்து முடியவில்லை. தம்பிக்கு இன்னும் காலை மடக்க வராது, ஆகவே பைக் உதவாது, கார் அல்லது ஆட்டோ வைத்திருக்கிறவர்கள்தான் வேண்டும். வாலிபர் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் கூடப்போய்த் தூக்கி இறக்க வேண்டும். செவ்வாய்க்கு ஒரு சகோதரர் முன்வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை. பின்சுவரைக் கட்ட மணலும் செங்கலும் வந்து இறங்கிவிட்டது. கொத்தனார் வேலை தெரிந்த சகோதரர்கள் வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். சாப்பாடு சகோதரிகள் ஐக்கியம் கொண்டுவருகிறார்கள். பெயர் கொடுக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளரிடம் கொடுக்கவும்.